தினச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், யார் பேச்சைக் கேட்டு அடுப்பைப் பற்றவைப்பது?

உறையூர்வாசி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி.

வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், மாமியார், ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், மூன்றாம் வகுப்பு மகன். கணவருக்கு வயது 43. போன மாதம் அலுவலகத்தில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள், இவருக்கு ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு, 6.1 வந்திருக்கிறது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. டாக்டர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. சாப்பாட்டில் கவனமாக இருங்கள், தினமும் நடங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே கூட்டம் காத்திருந்தது, அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு வீடியோ. ஒரு டாக்டர் அரிசியைத் தொடவே கூடாது என்கிறார். இன்னொருவர் பழைய சோறுதான் குடலுக்கு மருந்து, காலையில் அதையே சாப்பிடுங்கள் என்கிறார். என் தம்பி பேலியோ குழுவில் இருக்கிறான், அவனுக்கு முட்டையும் நெய்யும் போதும், இட்லிதான் எதிரி. நாத்தனார் ஓட்ஸ் வாங்கிக் கொடுத்தனுப்பியிருக்கிறார். மாமியார், காலங்காலமாகச் சாப்பிட்டதை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கிறார். எண்ணெயில் தனிச் சண்டை, செக்கு நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா, சூரியகாந்தியா என்று இன்னும் முடிவாகவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். காலை ஐந்தரைக்கு எழுந்து ஐந்து பேருக்கும் ஒரே சமையல் செய்கிறேன், எட்டு மணிக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். இரண்டு விதமாகச் சமைக்க நேரம் கிடையாது. சியா, கினோவா என்று வாங்கவும் கட்டுப்படியாகாது. இதில் எதை வைத்து முடிவெடுப்பது? படித்தவர்களே இப்படி எதிரும் புதிருமாகச் சொன்னால் நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வது?

கும்பகோணம்_அடுப்படி

சகோதரி, வீடியோவை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு நாளைக் காலையில் ஒன்று பாருங்கள். சாம்பாருக்குத் துவரம் பருப்பு எவ்வளவு அளக்கிறீர்கள்? எங்கள் பக்கத்தில் நாலைந்து பேர் இருக்கும் வீட்டில் அரை டம்ளர்தான் வழக்கம். எடை போட்டால் 80, 90 கிராம் இருக்கும். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் ஒரு உணவு வழிகாட்டி வெளியிட்டது. அதில் ஒரு ஆளுக்கே ஒரு நாளைக்குப் பருப்பு, பயறு 85 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். அசைவம் சாப்பிடுகிறவர்கள் அதில் ஒரு பங்குக்கு முட்டை, மீன், கறி என்று வைத்துக்கொள்ளலாம். ஒருத்தருக்கு வேண்டிய பருப்பை ஐந்து பேர் பங்கு போட்டுச் சாப்பிடுகிறோம், மிச்ச வயிற்றைச் சோறு நிரப்புகிறது. நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

அதே வழிகாட்டியில் 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், காயும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, வேர்க்கடலை எள் மாதிரியானவை 35 கிராம், எண்ணெயும் நெய்யும் சேர்ந்து 27 கிராம் என்று கணக்கு. தானியம் 250 கிராம் என்பது சமைப்பதற்கு முன்னால் உள்ள எடை. இட்லி மாவில் போன அரிசி, மதியச் சோறு, பிள்ளைகளுக்குக் கிளறிய சேமியா, ராத்திரிச் சப்பாத்தி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ரைஸ் குக்கரோடு ஒரு கப் தருவார்களே, அது நிறைய அரிசி எடுத்தால் சுமார் 150 கிராம். மதியம் மட்டும் ஒன்றரை கப் அரிசிச் சோறு சாப்பிடுகிற ஆளுக்கு அன்றைய தானியம் கிட்டத்தட்ட அங்கேயே முடிந்துவிடுகிறது.

இதைப் படித்த பிறகு நாங்கள் அரிசியை நிறுத்தவில்லை. கரண்டியை மாற்றினோம். சோற்றை அள்ளும் பெரிய கரண்டியால் பொரியலும் கூட்டும், பொரியல் கரண்டியால் சோறு. தட்டில் காய் முதலில் விழ வேண்டும், சோறு கடைசியில். கேட்க ரொம்பச் சின்ன விஷயமாக இருக்கும், செய்து பாருங்கள், சோறு தானாகப் பாதியாகிவிடும், யாருக்கும் பசியும் தெரியாது.

வயக்காட்டான்

அம்மா, அரிசி மேல் எல்லோரும் பழி போடுகிறார்கள். எந்த அரிசி என்று யாரும் கேட்பதில்லை. நான் நெல் போடுகிறவன், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மேலே சொன்ன ஹைதராபாத் நிறுவனம் ஆரம்பித்ததே நம் குன்னூரில்தான். 1918ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் அங்கே பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஒரு அறையில், நரம்பையும் இதயத்தையும் பாதிக்கும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார், 1958ல்தான் அது ஹைதராபாத் போனது. பெரிபெரி எதனால் வந்தது? மில்லில் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கிய பச்சரிசியையே பெரும்பாலும் சாப்பிட்டதால். தவிட்டோடு பி1 வைட்டமின் சத்தும் போய்விட்டது. புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களுக்கு அந்த நோய் குறைவு, ஏனென்றால் நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் முன்னோர் ஆய்வுக்கூடம் இல்லாமலேயே கண்டுபிடித்த வேலை அது. இப்போது வெள்ளை வெளேரென்று, ஒட்டாமல், நீளமாக வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வாங்குகிறோம். கடையில் அதிகம் தீட்டாத புழுங்கல் அரிசியாகக் கேளுங்கள். வாரத்தில் பாதி நாள் கம்பு, கேழ்வரகு, தினை வையுங்கள். ஓட்ஸ் எதற்கு? சர்க்கரை தானாக இறங்கும்.

உணவியல்_மதுரை

மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வி தினமும் என் மேசைக்கு வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வயக்காட்டான் ஐயா சொன்ன புழுங்கல் அரிசி, பி1 விஷயம் முழுக்கச் சரி. ஆனால் 'சர்க்கரை தானாக இறங்கும்' என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஏனென்றால் அதை நம்பி வருகிறவர்களைத்தான் நான் பார்க்கிறேன். கேழ்வரகும் கம்பும் தானியம்தான். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசியை விட நார்ச்சத்தும் அதிகம், பிள்ளைகளுக்கு அருமையான உணவு. கலோரியில் அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நைசாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி வெல்லம் போட்டுக் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். சிறுதானியம்தானே என்று மூன்று தோசைக்கு ஐந்து தோசை சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல ஆதாரம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க ஒரு பெரிய ஆய்வு நடத்தின. 2023ல் வந்த முடிவுப்படி இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். 2025ல் உணவு பற்றிய பகுதி வெளியானது. நாம் ஒரு நாளில் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றியதில் நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் 5 சதவீதக் கலோரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் மாதிரிப் புரதத்தை வைத்த கணக்கில்தான் அபாயம் குறைந்தது.

சகோதரி, நீங்கள் கேட்ட 'எதை வைத்து முடிவெடுப்பது' என்பதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. யார் எந்த உணவைப் புகழ்ந்தாலும் திட்டினாலும், 'எதற்குப் பதிலாக?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். நாலு இட்லியில் இரண்டை எடுத்துவிட்டு முட்டை வைத்தால் உங்கள் கணவருக்கு நல்லது. பரோட்டாவோடு கூடுதலாக இரண்டு முட்டை சாப்பிட்டால் அதில் என்ன நன்மை? மாலை முறுக்குக்குப் பதில் சுண்டல் என்றால் சரி, மூன்று வேளையும் வயிறு முட்டச் சாப்பிட்டு அதற்கு மேல் சத்துமாவுக் கஞ்சி என்றால் சரியில்லை. நெய், பழைய சோறு, ஓட்ஸ் எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடுகிறது என்பது உண்மை. கொஞ்சம்தான் கூடுகிறது, அதற்காக ஒரு சட்டி சாப்பிடக் கூடாது.

படித்தவர்கள் ஏன் எதிரும் புதிருமாகப் பேசுகிறார்கள் என்றும் கேட்டீர்கள். ஒரு காரணம், மனிதர்களைப் பத்து இருபது வருடம் அடைத்து வைத்து ஒரே சாப்பாடு போட்டுப் பார்க்க முடியாது, அதனால் பெரும்பாலும் 'போன மாதம் என்ன சாப்பிட்டீர்கள்' என்று கேட்டு எழுதித்தான் ஆராய்கிறார்கள். இன்னொரு காரணம் பணம். 1967ல் ஒரு பெரிய மருத்துவ இதழில், இதய நோய்க்குக் கொழுப்புதான் முக்கியக் காரணம், சர்க்கரைக்குப் பெரிய பங்கில்லை என்கிற தொனியில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதற்கு அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் அமைப்பு பணம் கொடுத்தது என்பது 2016ல்தான் வெளியே தெரிந்தது. ஐம்பது வருடம்! அதனால் உங்கள் சந்தேகம் நியாயமானது.

அதற்காக எல்லாமே குழப்பம் என்று கைவிட வேண்டாம். 2018ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பு குறைந்த உணவு, இன்னொரு பாதிக்கு மாவுச்சத்து குறைந்த உணவு என்று ஒரு வருடம் பார்த்தார்கள். எடை குறைந்ததில் இரண்டு பக்கத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகச் சொன்னது என்ன தெரியுமா? காய்கறி நிறையச் சாப்பிடுங்கள், சர்க்கரையும் மைதாவும் குறையுங்கள், முடிந்தவரை வீட்டில் சமையுங்கள். உங்கள் தம்பியின் பேலியோவும் மாமியாரின் பழைய சாப்பாடும் சண்டை போடாத இடம் அதுதான். பாக்கெட் உணவு விஷயத்திலும் நல்ல சோதனை ஒன்று உண்டு. 2019ல் அமெரிக்காவில் 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரித்த உணவு, இரண்டு வாரம் சமைத்த உணவு என்று கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் சமமாக இருந்தும், பாக்கெட் வகை கொடுத்தபோது ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள், இரண்டே வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறினார்கள். பிஸ்கட்டும் மிக்சரும் வீட்டுக்குள் வராமல் இருந்தால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

வடமராட்சி

அக்கா, நான் யாழ்ப்பாணப் பக்கம். இங்கேயும் இதே கதைதான், தேங்காயை வைத்துத்தான் பெரிய வாக்குவாதம். கொஞ்சக் காலம் தேங்காய் கூடாது என்றார்கள், இப்போது ஆட்கள் காலையில் வெறும் வயிற்றில் தேங்காய் எண்ணெய் கரண்டியால் குடிக்கிறார்கள். மதுரை அக்கா சொன்ன கேள்வியை வைத்தே பார்த்தால் இரண்டும் வேறு வேறு. புட்டுக்குத் திருவிப் போடுகிற தேங்காய்ப்பூவிலும் சம்பலிலும் நார் இருக்கிறது, அது மாவின் ஒரு பங்கையும் குறைக்கிறது. எண்ணெயாகக் குடிக்கிறது வெறும் கொழுப்பு, அதிலும் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. எங்கள் அம்மா சொதிக்குக் கட்டிப்பாலை (முதலில் பிழியும் கெட்டித் தேங்காய்ப்பால்) கடைசியில் கொஞ்சமாக விடுவார், கறி முழுக்கக் கட்டிப்பாலில் கொதிக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கல்யாண நாட்களுக்கு மட்டும்தான். அளவு என்பதைச் சமையலுக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

உறையூர்வாசி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலை பருப்பை அளந்து பார்த்தேன், கும்பகோணம் சகோதரி சொன்ன மாதிரி அரை டம்ளரேதான்.

இன்னும் சில சந்தேகம். மாமியாருக்குப் பிரஷருக்கு டெல்மிசார்ட்டான் மாத்திரை. அவருக்காக சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்கிறதே, அதை வீடு முழுக்கப் பயன்படுத்தலாமா? எண்ணெயில் எதை வாங்குவது? பிள்ளைகள் காய் என்றாலே தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறார்கள், அதற்கு என்ன வழி?

உணவியல்_மதுரை

உப்பு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இது முக்கியம். அந்த உப்பில் சோடியத்தின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் மாதிரி மாத்திரைகளே உடம்பில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை. வயதானவர், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் அந்த உப்பைக் கொடுக்க வேண்டாம். டாக்டரிடம் கேட்டு, ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பொட்டாசியமும் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அதுவரை சாதாரண உப்பையே குறைத்துப் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம், அதாவது ஒரு சின்ன டீஸ்பூன் அளவுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். ராத்திரி தயிர்ச் சோற்றோடு ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் இருந்தால் குழம்பில் எவ்வளவு குறைத்தும் பலனில்லை. அந்த மூன்றில் ஒன்று மட்டும், அதுவும் தினமும் வேண்டாம் என்று அன்பாகப் பேசிப் பாருங்கள்.

எண்ணெயில் எது என்பதை விட எவ்வளவு என்பது பெரிய கேள்வி. 27 கிராம் கணக்குப்படி ஒரு பெரியவருக்கு மாதம் ஒரு லிட்டருக்கும் குறைவுதான் வரும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், ரைஸ் பிரான் என்கிற தவிட்டெண்ணெய் எதுவானாலும் பரவாயில்லை, மாற்றி மாற்றி வாங்குங்கள். பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதிலேயே பேனாவால் எழுதி வையுங்கள், மாதக் கடைசியில் கணக்கு தெரிந்துவிடும். வடை சுட்ட எண்ணெயை மறுபடி காயவைத்துப் பொரிக்காதீர்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. உறையூர் சகோதரியின் கணவருக்கு மாத்திரை இல்லை, அதனால் சோற்றைக் குறைப்பதில் ஆபத்து இல்லை. கிளிமிபிரைடு மாதிரிச் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வீடியோ பார்த்துவிட்டுத் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருந்தின் அளவை டாக்டர் மாற்றிக் கொடுத்த பிறகே சாப்பாட்டை மாற்ற வேண்டும். அதேபோல் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இங்கே சொன்ன பருப்புக் கணக்கு பொருந்தாது.

கும்பகோணம்_அடுப்படி

பிள்ளைகளுக்குக் காய் கொடுக்கிற பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்! முருங்கைக்கீரையைத் தனியாகப் பொரியல் வைத்தால் ஒதுக்குவார்கள். அடை மாவில் ஒரு கைப்பிடி உருவிப் போட்டு வெங்காயத்தோடு வார்த்தால் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். அடையில் பருப்பும் அரிசியும் சமமாக இருக்கட்டும், நம்மில் பலர் அரிசியை இரண்டு பங்காகப் போடுகிறோம். காரட், பீட்ரூட் எல்லாம் பள்ளிவிட்டு வந்து பசியோடு இருக்கும்போது நறுக்கிய துண்டுகளாக முன்னால் வையுங்கள், அந்த நேரத்தில் பிஸ்கட் டப்பா கண்ணில் படக் கூடாது.

உங்கள் ஐந்தரை மணிச் சமையலுக்கு ஒரு வாரத்துக்கு இப்படி வைத்துப் பாருங்கள். சாம்பாருக்குப் பருப்பை ஒன்றரை டம்ளர் ஆக்குங்கள், குழம்பு கெட்டியாக இருக்கும், அதையே காலை இட்லிக்கும் வைத்துக்கொள்ளலாம், சட்னி அரைக்கிற நேரம் மிச்சம். இட்லி ஆளுக்கு ஒன்று குறையும், அந்த இடத்தில் ஒரு அவித்த முட்டை, மாமியார் சாப்பிடாவிட்டால் அவருக்கு ஒரு கிண்ணம் பாசிப்பயறு. மதியம் டப்பாவில் பாதி காய், மீதியில் சோறும் குழம்பும். உங்கள் கணவர் டப்பாவில் காய் இருக்கிற தட்டை முதலில் திறந்து முடித்துவிட்டுச் சோற்றுக்கு வரட்டும். பாதாமுக்கு ஆசைப்பட வேண்டாம், வேர்க்கடலையில் அதை விடப் புரதம் அதிகம், நூறு கிராமில் 25 கிராம், விலை எத்தனையோ மடங்கு குறைவு. நாத்தனார் அனுப்பிய ஓட்ஸை வீணாக்காதீர்கள், உப்புமா மாதிரிக் கிளறி, ரவைக்குப் பதிலாக வையுங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இவரும் மாமியாரும் பிள்ளைகளும் தெருமுனை வரை ஒரு நடை போய்விட்டு வரட்டும். போவதற்கு முன்னால் நீங்கள் கொண்டைக்கடலையோ காராமணியோ ஒரு டம்ளர் ஊறப்போட்டுவிடுங்கள். காலையில் குக்கரில் நாலு விசில், மாலைச் சுண்டல் தயார்.

உறையூர்வாசி

இன்று ராத்திரி காராமணி ஊறப்போட்டாயிற்று. பிஸ்கட் டப்பாவைப் பற்றி மகனிடம் நாளைக்குப் பேச வேண்டும். உப்பு விஷயத்தை மாமியாரின் டாக்டரிடம் சனிக்கிழமை கேட்கிறேன், அவர் சொல்வதை இங்கேயே எழுதுகிறேன்.